அடுப்படிச் சுவரின் வெள்ளக்கோடு

உள்ளங்கையில் ஒட்டிய பச்சைப் பெயிண்ட், தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. உன் வீட்டு அடுப்படியின் பெயிண்ட். காலையிலிருந்து அந்த வாசனையோடுதான் இருக்கிறேன்.

நீ இறந்துபோன பிறகு வரும் இரண்டாவது மழைக்காலம் இது. ஊர் ஏரியைக் காட்ட நீ தொடங்கிய ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர் நடையை இப்போது நான் நடத்துகிறேன். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டதென்று நினைக்காதே. வேறு யாரும் முன்வரவில்லை, அவ்வளவுதான். கரையான்சாவடியில் டீ குடித்துவிட்டு, குப்பை அடைத்த கால்வாய் ஓரமாக ஏரியின் பழைய மதகு வரை நடக்கிறோம். வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். உன் காலத்திலும் எடுத்தார்கள்.

"நாலு பேர் நடந்தா ஏரி திரும்பி வந்துடுமா?" என்று அப்போதே உன்னிடம் கேட்டேன்.

"ஏரி எங்கடி போச்சு? நாமதான் அது மேல ஊடு கட்டிகினு கீறோம்" என்றாய்.

நீ நடையை மதகோடு முடித்ததில்லை. எல்லோரையும் உன் வீட்டுக்கே அழைத்துப் போவாய். ஏரிக்குள் மனை போட்டு விற்றபோது, விவரம் தெரியாமல் நீங்கள் வாங்கிய இடம். ஊரையே மூழ்கடித்த அந்த டிசம்பர் வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோடு அடுப்படிச் சுவரில் இருந்தது. அதன் மேல் வெள்ளையடிக்க நீ விட்டதே இல்லை. ஒவ்வொருவராகச் சுவரோடு முதுகை ஒட்டி நிற்கச் சொல்வாய். எனக்கு மார்புக்கு மேல் வந்தது. ஒருமுறை வந்த சிறுமிக்குத் தலைக்கு மேலே இருந்தது. அவள் அம்மா அதன் பிறகு படம் எடுக்கவில்லை.

உன் கணவர் காபி டம்ளர்களோடு வருவார். "அவனவன் ஊட்ட அலங்காரம் பண்ணிக் காட்டுவான். எங்க ஊட்டம்மா அழுக்கக் காட்டி ஆள் சேக்குது சிஸ்டர்."

"வாசல்ல நின்னு டிக்கெட் கிழிங்க, போங்க" என்பாய்.

நான் மதகோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்தச் சுவரைப் பார்க்க எனக்கு மனமில்லை. இன்று அவர்தான் உன் புத்தகங்களை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கூப்பிட்டார். வீட்டை விற்றுவிட்டுப் பையனோடு போய் இருக்கப் போகிறாராம்.

வாசலிலேயே மெதுவாகச் சொன்னார். "ஊடு பாக்க ஆளு வந்துகீறாங்க. தண்ணி சமாச்சாரம் வேணாம் சிஸ்டர். எத்தினி நாளு நான் இங்க ஒண்டியா கெடக்குறது?"

அவர் கேட்டதைத் தவறென்று சொல்ல முடியவில்லை. தலையாட்டினேன்.

உள்ளே ஓர் இளம் தம்பதி. அவள் இடுப்பில் குழந்தை. அடுப்படி முழுக்க வெளிர் பச்சை. அந்தப் பெண் என்னைப் பக்கத்து வீட்டுக்காரி என்று நினைத்துக்கொண்டாள்.

"அக்கா, மழைக்கு இங்க தண்ணி வருமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரில், என் மார்பளவில், கையை வைத்தேன். பெயிண்ட் காயவில்லை.

அவர் திரும்பி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் மேல, சிஸ்டர்" என்றார்.

அவர்கள் போய்விட்டார்கள். அவர் புத்தகங்களைக் கட்டித் தந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நாளை வேறு யாராவது வருவார்கள். அப்போது நான் அங்கே இருக்க மாட்டேன்.

நடந்தால் ஏதாவது மாறும் என்று இப்போதும் நான் நம்பவில்லை. ஆனால் அம்பத்தூருக்குத் திரும்பியதும், கையைக் கழுவும் முன், என் அடுப்படிச் சுவரில் முதுகை ஒட்டி நின்றேன். மார்புக்குக் கொஞ்சம் மேலே, எந்தக் கோடும் இல்லாத இடத்தில், விரலை வைத்துப் பார்த்தேன்.