முருகனிடம் சொன்னேன்

ஜூலை 21, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணிக்கடையில் ஆடித் தள்ளுபடி, உட்கார நேரமில்லை. சாயங்காலம் கோட்டை அடிவாரத்தில் முருகனிடம் சொல்லியே விட்டேன். எனக்குப் பிறவியிலேயே எச்.ஐ.வி., அம்மாவிடமிருந்து வந்தது, சின்ன வயதிலிருந்து மாத்திரை. கட்டிக்கொள்ளலாமா என்று ஒரு வருஷமாகக் கேட்பவன், வாட்சைப் பார்த்தான். பஸ் டூட்டி என்று போய்விட்டான். ஆனாலும் சொல்லிவிட்டேன்!

ஜூலை 24, வியாழன்
அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்கு விடும் ஸ்பெஷல் பஸ்ஸில் முருகன்தான் கண்டக்டர். வரமாட்டான் என்றே நினைத்தேன். மதியம் தோள்பையோடு கடை வாசலில்!
"இன்னா மேரி, உன் டாக்டராண்ட என்னியும் இட்டுக்கினு போறியா? நெறைய கேக்கணும்."
"பயமா இல்லியா?"
"இருக்குது. அதான் கேக்கணும்ன்றேன்."
அதற்கப்புறம் வேலையே ஓடவில்லை. புடவையை வேட்டி அடுக்கில் வைத்துத் திட்டு வாங்கினேன்.

ஜூலை 28, திங்கள்
ஆஸ்பத்திரி. முருகனுக்கும் ரத்தம் எடுத்தார்கள். நெகட்டிவ். என் ரத்தத்தில் கிருமி, டெஸ்டில் தெரியாத அளவுக்குக் குறைவு. மாத்திரையை விடாமல் இப்படியே இருந்தால் உடலுறவில் அவனுக்குத் தொற்றாது என்றார் டாக்டரம்மா. ஆணுறையும் ஒவ்வொரு தடவையும் போடச் சொன்னார். ஒன்றை ஒரு முறைதான். காலாவதித் தேதி பார்த்து வாங்க வேண்டும்.
"பர்ஸ்ல வெச்சிக்கலாமா மேடம்?"
"வேணாம்பா, சூட்டுல வீணாப் போயிடும். எண்ணெயும் படக்கூடாது, கிழிஞ்சிடும்."
வெளியே வந்ததும், "அப்ப தேதி பாத்துடலாம்" என்றான்.
"பாக்கெட்லயா?"
"ஏய், கல்யாணத் தேதி!"
சிரித்துச் சிரித்து வயிற்று வலி.

ஆகஸ்ட் 30, சனி
திங்கட்கிழமை ரிஜிஸ்டர் கல்யாணம். மெடிக்கலுக்குப் போனவன் இருமல் மிட்டாயோடு திரும்பினான். "எங்க சித்தப்பா நிக்கிறாரு மேரி."
நானே போனேன். "ஆணுறை ஒரு பாக்கெட் குடுங்க." சத்தமாகவே. கடைக்காரர் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். தேதி பார்க்க அங்கேயே பிரித்தேன். சித்தப்பா ஃபேனைப் பார்த்தபடி நின்றார்.

டிசம்பர் 8, திங்கள்
முருகனுக்கு மறுபடி டெஸ்ட். நெகட்டிவ்! அந்த தைரியத்தில் குழந்தை பற்றிக் கேட்டேன்.
"தாராளமா பெத்துக்கலாம். ஆனா ஆணுறைய நிறுத்தறதுக்கு முன்னாடி என்னைப் பாருங்க. குழந்தைக்கும் வராம பாத்துக்கலாம்" என்றார் டாக்டரம்மா.
திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன்பக்கம் சீட்டு கிடைத்தது. அவன் பின்படியிலிருந்து கத்துகிறான், "மேரி, பேரு இன்னா வெக்கலாம்?"
எல்லாத் தலையும் என் பக்கம். பக்கத்து சீட்டு அக்கா இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். "எத்தினி மாசம்மா?"
"இன்னும் ஒண்ணுமே இல்லக்கா!"