அழுத்தம் இறங்கிய வருடம்

இன்று காலை ஆய்வுக்கூடத்தில் மண்ணெண்ணெய்ச் சுடரில் தாளுக்குக் கரி ஏற்றிக்கொண்டிருந்தேன். சுழலும் உருளையில் அதைச் சுற்றினால், மயங்கிக் கிடக்கும் நாயின் ரத்த அழுத்தத்தை ஒரு முள் கோடாகக் கீறும். புகை வாசனை சட்டையில் ஏறியது. வீட்டுக்குப் போனால் மூக்கைப் பொத்திக்கொள்ள நீ இல்லை, அக்கா.

"வந்துட்டாரு நாய் டாக்டர். கையக் கழுவினியாடா? சோத்துல கை வெச்சே, பாரு!" என்பாய்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பகலெல்லாம் பேசிவிட்டு, அல்சூர் வீட்டில் மாலையெல்லாம் பேசுவாய். ட்ரங்க் கால் கேட்டு அதட்டும் சேட்டாகவும், "ஸ்வல்ப பேக லைன் கொடம்மா" என்று சீக்கிரம் லைன் கேட்டுக் கெஞ்சும் கன்னடக்காரராகவும், மாறி மாறி நடிப்பாய்.

பிறகு உனக்கு ரத்த அழுத்தம் வந்தது. டாக்டர் சர்ப்பகந்தா மாத்திரை எழுதினார். தினமும் உன் கையில் பட்டையைச் சுற்றி நான்தான் பார்த்தேன். இறங்கியது. எனக்குப் பெருமை. என் ஆராய்ச்சியும் அதைப் பற்றித்தான். அழுத்தம் விழுந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விட்டு, அழுத்தத்தை மீண்டும் ஏற்றப் பார்க்கும். நரம்புகளை அமர்த்தும் இந்த மாத்திரை அந்தச் சுரப்பையும் குறைக்குமா? உன்னிடம் உற்சாகமாக விளக்கினேன். நீ கேலி செய்யவில்லை. அதை நான் கவனிக்கவில்லை.

ஒரு நாள் சொன்னாய்: "என்னமோ மாதிரி இருக்குடா. எக்ஸ்சேஞ்சுல ஹலோ சொல்லவே பாரமா இருக்கு. மாத்திரைய நிறுத்திப் பாக்கட்டுமா?"

"பைத்தியமா உனக்கு? பிரஷர் எவ்ளோ அழகா இறங்கியிருக்கு தெரியுமா?"

"உன் மிஷின்ல அது மட்டும்தான் தெரியுமாடா?"

சிரித்தேன். அந்த மாத்திரை சிலரின் மனதை இருட்டாக்கும் என்று படித்திருந்தேன். அந்தச் சிலரில் நீ ஒருத்தி என்று தோன்றவில்லை.

நீ போனது டைபாய்டில். மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள். உண்மைதான். ஆனால் உன் கடைசி வருடத்தை நீ பேசாமல் கழித்தாய். நான் உன் அழுத்தத்தை ரசித்துக்கொண்டிருந்தேன்.

நாய்க்கு அழுத்தம் சற்று இறங்கினாலே அதன் சிறுநீரகத்துக்குத் தெரிந்துவிடுகிறது. உடனே ஏதாவது செய்கிறது. தினமும் எதிரே உட்கார்ந்து உன் கையைப் பிடித்திருந்தவனுக்குத் தெரியவில்லை.

நேற்று பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அழுத்தம் பார்த்தேன். அவருக்கும் அதே மாத்திரை. சரியாகவே இருந்தது. பட்டையைக் கழற்றிவிட்டு, "வீட்ல எல்லார்கிட்டயும் பேசறீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"ஏம்ப்பா அப்படிக் கேக்கறே?"

பட்டையைச் சுருட்டிப் பையில் வைத்தேன். அவர் தன்னைப் பற்றிப் பேசும்வரை உட்கார்ந்திருந்தேன்.