முதல் வண்டியின் விளக்கு

நாமக்கல்,
ஆடி 20, புதன்கிழமை.

அன்புள்ள ஜெயப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் நலம், மாத்திரையும் காலை நடையும் இரவு இரண்டு இட்லியும் தவறாமல் நடக்கின்றன. அங்கே நீயும் மாப்பிள்ளையும் மதனும் குறையில்லாமல் இருக்கத் திருச்செங்கோட்டுத் திசை பார்த்து தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன். தபாலில் போட்டால் கால்கரிக்கு வந்து சேர மூன்று வாரம் ஆகும், விஷயம் சனிக்கிழமைக்குள் முடிவாக வேண்டியது, அதனால் எழுதி முடித்துப் படம் பிடித்து வாட்சப்பில் அனுப்புகிறேன். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் ஒன்று சொல்லத் தொடங்கினால் நீ சரிம்மா சரிம்மா என்று முன்னால் ஓடிவிடுகிறாய், காகிதத்தில் அப்படி ஓட முடியாது. ஆடிக் காற்றில் வேப்பமரத்தின் தெற்குக் கிளை முறிந்து தண்ணீர்த் தொட்டி மூடிமேல் விழுந்தது, மூடி மாற்றியாயிற்று. செல்லியம்மாள் மூட்டுவலியோடு வேலைக்கு வருகிறாள், கூட்ட வேண்டாம் உட்கார் என்றால் கேட்பதில்லை. நேற்று முன்தினம் ஆடிப் பதினெட்டுக்கு மோகனூர் போய் ஆற்றில் கால் நனைத்துவிட்டு வந்தோம், தண்ணீர் நன்றாகப் போகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷம் முன் லீவுக்கு வந்தபோது மதன் என் டேப்லெட்டில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தானே, கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகளில் சரக்கு ஏற்றிப் பனிமலைக் கணவாயைக் கடக்கும் விளையாட்டு, அவன் மூன்றே வாரத்தில் விட்டுவிட்டான், நான் விடவில்லை. இதை உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் வெட்கம்தான், வேறொன்றும் இல்லை. செல்லியம்மாளுக்குத் தெரியும். ஏனுங்கம்மா, இத்தன வயசுக்கு மேல வண்டி ஓட்டறீங்களே, லைசென்ஸ் இருக்குதுங்களா என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வாள். இதுவரை தனியாகத்தான் ஓட்டினேன். போன மாதம் கணவாய் அடிவாரத்தில் ஒருவருடைய வண்டி திரும்பத் திரும்பக் கவிழ்ந்துகொண்டிருந்தது. பார்த்தால் உப்பு மூட்டைகளைப் பின்னால் கோபுரம் மாதிரி அடுக்கி, கண்ணாடி ஜாடிகளை அடியில் வைத்திருந்தார். முப்பத்தொரு வருஷம் லாரிப் பட்டறைக்காரர் மனைவியாக இருந்தவள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா போக முடியுமா. பாரம் படுக்கணும், நிக்கக் கூடாது என்று உன் அப்பா டிரைவர்களிடம் சொல்வாரே, அதையே ஆங்கிலத்தில் எழுதி, மூட்டைகளைப் பின் அச்சுக்குச் சற்று முன்னால் தாழ்வாகப் பரப்பச் சொன்னேன். வண்டி ஏறிவிட்டது. அவர் பெயர் அங்கே ஜவ்வரிசி. நம் ஆத்தூரில் சேகோ ஆலையில் வேலை பார்க்கும் செந்தமிழன் என்கிற தம்பி என்பது பிறகுதான் தெரிந்தது. நான் உன் அப்பா பெயரோடு சேர்த்து என் முழுப்பெயரையே வைத்திருப்பதால் அங்கே எல்லோரும் என்னை மிஸஸ் அர்த்தநாரி என்றுதான் கூப்பிடுகிறார்கள், அது எனக்குப் பிடித்தே இருக்கிறது.

அந்தத் தம்பி ஒரு கில்டில் இருக்கிறார். கில்டு என்றால் சேர்ந்து விளையாடும் சங்கம், பதினாறு பேர், தலைவி அயர்லாந்தில் ஒரு நர்ஸ், நீலக்கொக்கு என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள். என்னைச் சேரும்படி அவளே எழுதினாள். விதிகள் பதினான்கு, இரண்டு முறை படித்தேன், நான்கு எழுத்துப் பிழைகள், குறித்து அனுப்பினேன், நன்றி சொல்லித் திருத்திவிட்டாள். ஒரு விதி மட்டும் என்னைச் சுட்டது, புதிதாக வருகிறவர் மூன்று பயணம் வரை சோதனையில் இருக்க வேண்டுமாம். இந்த வயதில் யாரோ எனக்குப் பரீட்சை வைப்பதா என்று ஒரு வாரம் பதிலே போடாமல் இருந்தேன். நம் தெரு மாதர் சங்கத்தை நான் ஏன் விட்டேன் என்று உனக்குத் தெரியும், நான்கு மணிக் கூட்டத்தை நாலே முக்காலுக்குத் தொடங்கி, அந்த நேரத்திலும் பாதிப் பேர் இட்லி மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். சேலம் கான்வென்ட்டில் மணி அடிக்கும் முன்பே வரிசையில் நின்று பழகியவளுக்கு அது ஒத்துவரவில்லை. இவர்கள் அப்படி இல்லை. குறித்த நேரத்துக்கு இரண்டு நிமிஷம் முன்னால் பதினாறு வண்டிகளும் நிற்கின்றன, வர முடியாதவர் முதல்நாளே சொல்லிவிடுகிறார். தூரத்தில் இருந்து நான்கு ஞாயிறு, உன் போன் வரும்வரை, கவனித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் சோதனை என்பது எல்லோருக்கும் உள்ளதுதானே, எனக்கு மட்டுமா என்று மனம் இறங்கியது. நீ பயப்படுவது போல் ஒருவரும் போன் நம்பர் கேட்கவில்லை, வங்கி விவரம் கேட்கவில்லை, கேட்டால் அந்த நிமிஷமே வெளியே வந்துவிடுவேன்.

இத்தனைக்கும் பிறகு சேரலாம் என்று இருந்தபோதுதான் பதினான்காவது விதியின் பொருள் புரிந்தது. புதிதாகச் சேருகிறவர் முதல் பயணத்தில் முதல் வண்டியின் விளக்கை ஏற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடக்க வேண்டும், பின்னால்தான் வண்டிகள் கிளம்பும். அது புரிந்ததும் டேப்லெட்டை மூடி வைத்துவிட்டேன்.

உனக்கு நினைவிருக்கும். பட்டறையில் பாடி கட்டி முடிந்து வெளியே போகும் ஒவ்வொரு லாரிக்கும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஆரத்தி சுற்றி, வண்டிக்கு முன்னால் நின்று அனுப்பியவள் நான். நூற்றுக்கணக்கான வண்டிகள். அப்பா போன நாற்பத்து மூன்றாம் நாள், பட்டறையை எடுத்து நடத்த வந்த உன் சித்தப்பா மகன் இளஞ்செழியன் பொறுப்பில் முதல் வண்டி கிளம்பியது, நீ இன்னும் இங்கேதான் இருந்தாய். பழக்கத்தில் நான் தட்டைக் கையில் எடுத்துவிட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் தட்டை நீட்டினேன், நீ வாங்கிக்கொண்டாய், நான் உள்ளே போனேன். இந்த ஒன்பது வருஷத்தில் அதைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை சாமி. அன்று நீ வாங்காமல் நின்றிருந்தால் எனக்கு இன்னும் சங்கடமாகப் போயிருக்கும். குறை சொல்வதானால் என்னைத்தான் முதலில் சொல்ல வேண்டும். உன் பெரியம்மா காளியாத்தாள், பெரியப்பா போனபின் நம்மோடு இருந்த காலத்தில், வண்டி கிளம்பும்போது அவர் வாசலில் நின்றால் நான் கற்பூரம் கொளுத்தமாட்டேன், தட்டோடு காத்திருப்பேன், அவரே புரிந்துகொண்டு உள்ளே போவார். வாய் திறந்து போங்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லாததால் நான் நல்லவள் என்று நினைத்திருந்தேன்.

ஆகவே நீலக்கொக்குக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினேன், எங்கள் பக்கத்தில் கணவனை இழந்தவள் வண்டிக்கு முன்னால் போவதில்லை, விளக்கை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு என்னைப் பின் வண்டியில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று. அவள் எனக்காக உருகவில்லை, அதுவே எனக்கு ஆறுதலாக இருந்தது. எங்கள் விதியில் அப்படி ஒன்றும் இல்லை, புதியவர் விளக்கு எடுக்காவிட்டால் வண்டிகள் கிளம்பாது, நாங்கள் பதினாறு பேரும் நிற்போம், யோசித்து சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று மூன்று வரி. நான் எழுதிய கடிதம் எல்லோர் பார்வைக்கும் போயிருக்கிறது. ஆத்தூர்த் தம்பி தனியாக எனக்கு எழுதினார். எங்க அப்பா இறந்து பன்னெண்டு வருஷம் ஆச்சும்மா, ஆலையில லோடு கிளம்பறப்போ அங்கேயே வேலை பாக்கற எங்கம்மா தானா எந்திரிச்சு உள்ளே போயிடுவாங்க, ஏன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல, நீங்க எழுதினதைப் படிச்சப்புறம் கேக்கலாம்னு போனேன், வாய் வரல, காபி குடிச்சுட்டு வந்துட்டேன் என்று எழுதியிருந்தார். அதை நான் நான்கைந்து முறை படித்தேன். அந்த அம்மா அங்கே ஆத்தூரில், நான் இங்கே நாமக்கல்லில், இருவரும் சொல்லாமலே எழுந்து உள்ளே போகக் கற்றுக்கொண்டவர்கள். சொல்லியிருந்தால் எதிர்த்து ஒரு வார்த்தையாவது பேசியிருக்கலாம்.

முடிவு செய்துவிட்டேன். இந்தக் கடிதத்தை அனுப்பியதும் சேருகிறேன் என்று எழுதிவிடுவேன். பட்டறைக்குப் போய்த் தட்டை வாங்கப் போவதில்லை, அந்த அளவுக்குத் துணிச்சல் இன்னும் வரவில்லை, வந்தால் சொல்கிறேன். ஒரே ஒரு சிக்கல்தான். அவர்கள் கிளம்பும் நேரம் ஞாயிறு இரவு ஏழரை, உனக்குக் காலை எட்டு, நீ எனக்குப் போன் செய்யும் நேரம். இத்தனை வருஷத்தில் அந்த நேரத்தை நீ ஒரு வாரமும் தவறவிட்டதில்லை, தவறவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் இதைக் கேட்க இவ்வளவு காகிதம் பிடித்தது. இனி இங்கே இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிடு. சாப்பிட்டீர்களா மாத்திரை போட்டீர்களா என்று கேட்க வேண்டாம், போட்டிருப்பேன். கணவாய் ஏறினோமா என்று கேள், சொல்வதற்கு என்னிடமும் ஏதாவது இருக்கும்.

உன் தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, காபிக்குப் பிறகு போட்டுவிட்டு ரிசல்ட் சரியில்லை என்று டாக்டரைக் குறை சொல்லாதே. மதன் தமிழில் எழுதிய கார்டு வந்தது, கையெழுத்து தேறியிருக்கிறது, றகரத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் கவனிக்கச் சொல். மாப்பிள்ளைக்கு முதுகுவலி என்றாயே, நாற்காலியை மாற்றினாரா.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, நினைத்தது கைகூடி வாழ வேண்டும். அப்பா இருந்திருந்தால் சொல்லும் ஆசீர்வாதத்தையும் சேர்த்து நானே சொல்லிவிடுகிறேன். இந்த ஞாயிறு ஏழரையை மறக்காதே. விளையாட்டில் சேராதவர்களும் வழியில் நின்று பார்க்கலாமாம், மதனுக்கு எப்படி என்று தெரியும். முடிந்தால் வா, நேரத்துக்கு வா. வந்தால் ஓரமாக ஒதுங்கி நிற்காதே, நான் விளக்கோடு வரும் வழியில் எனக்கு எதிரிலேயே நில்.

இப்படிக்கு,
உன் அம்மா,
வசந்தாமணி அர்த்தநாரி