மூடிய பங்கர்

கண்டி. செவ்வாய். விடாத மழை.

இன்றும் சமாதான ஒப்பந்தம் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. மொழிபெயர்ப்பாளன் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. பேசுபவராகவே நின்று 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அது எங்கள் தொழில் முறை. அதனால் அரசாங்கத் தரப்புக்காக, "நாங்கள் மறுபடியும் சண்டைக்குத் தயார்" என்று தமிழில் சொன்னேன். எதிரே இருந்த போராளி இயக்கத்துக்காரர் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நாங்களும் ரெடிதான். சொல்லுங்கோ அவையளுக்கு."

அதையும் சிங்களத்தில் நானே சொன்னேன். இரண்டு மிரட்டலும் என் வாயிலிருந்துதான் வந்தன. அத்தோடு கூட்டம் கலைந்தது. தேத்தண்ணீரை ஒருவரும் தொடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கிளிநொச்சியிலிருந்து அக்கா போன் பண்ணினாள். இனக்கலவரத்துக்குப் பயந்து கண்டிப் பக்கத்து மடுல்கெல்லைத் தோட்டத்திலிருந்து அங்கே போனவள். போர்நிறுத்தம் வந்த கையோடு குண்டுவீச்சுக்கு ஒளிய முற்றத்தில் வெட்டியிருந்த பங்கரை மண் போட்டு மூடி, அதன் மேல் வாழை வைத்தாள்.

"என்ன தம்பி, கையெழுத்துப் போட்டுட்டாங்களா?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வாழை இப்பதான் குலை தள்ளியிருக்குப்பா. காய் முத்துற வரைக்குமாவது இந்தப் போர்நிறுத்தம் தாங்குமா? இல்ல, வெட்டிட்டுத் தோண்டவா?"

"தோண்டுங்கக்கா" என்றேன்.

இன்று முழுக்க நானாகச் சொன்னது அது ஒன்றுதான்.