சிநேகமான சின்ன நாய்கள் மட்டும்

மார்ச் 3, திங்கள்

உலகம் இன்று இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. லிஃப்ட் பக்கத்தில் ஒரு நோட்டீஸ். நாய்களைக் கும்பலாக நடக்கக் கூட்டிப்போகிறார்களாம். ‘சிநேகமான சின்ன நாய்கள் மட்டும்.’ இந்தக் கட்டடத்தில் சிநேகமான மனிதர்களையே பூதக்கண்ணாடி வைத்துத் தேடவேண்டும். நாயிடம் தகுதி கேட்கிறார்கள்!

அக்கா மகள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். இது நல்லதற்கில்லை என்று அப்போதே நினைத்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

நினைத்தது சரிதான். அவளுக்குப் புது வேலை, விடியுமுன் கிளம்பவேண்டும். என் முழங்காலோ கீழ்க்கூடம் வரை மட்டும் செல்லுபடியாகும் முழங்கால். ஆகவே திவான் (எங்கள் நாய், உடம்பு பூசணிக்காய் அளவு, குரல் யானை மந்தை அளவு) கும்பலோடு போகவேண்டும். திங்கட்கிழமை சோதனை. கீழ்க்கூடத்தில் நான் ஒப்படைக்கும்போது யாரையாவது பார்த்துக் குரைத்தால் சேர்க்கமாட்டார்கள். சேர்க்காவிட்டால் தோழி வீட்டுக்குக் கொடுத்துவிடுவாளாம்.

“அங்க தோட்டம் இருக்கு மாமா. நல்லா ஓடி ஆடும்.”

தோட்டமாம். பகலெல்லாம் நானும் அவனும் ஒரே சோபா. இனி நான் செய்தி வாசிப்பவரைத் திட்டினால் யார் ஆமாம் போடுவது?

மார்ச் 6, வியாழன்

ஒத்திகை. கீழ்க்கூடத்தில் குடியிருப்புச் சங்கச் செயலாளர் வந்தார். தண்ணீர்த்தொட்டி கழுவியதை ஒரு சாம்ராஜ்யத்தைப் பிடித்த தோரணையில் அறிவிக்கிறவர். அவருடைய கால்சட்டை மீது திவான் உலகப்போர் தொடுத்தான். அடுத்து, எதிர்வீட்டு வயலின் வாத்தியார். அவருக்கும் போர்தான். அவர் வாசிப்பைக் கேட்டவர்கள் நாய் பக்கம்தான் நிற்பார்கள். காவலாளியிடம் மட்டும் வாலாட்டினான். காவலாளி தங்கமான மனிதர்.

என் ரசனை அப்படியே அவனுக்கு. ஆனந்தக்கண்ணீர் வராத குறை. பிறகுதான் திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது.

மார்ச் 7, வெள்ளி

அந்த நாய் ஊர்வலத்தைப் பால்கனியிலிருந்து பார்த்தேன். இடுப்பில் பையோடு ஒரு பெண், பத்துப் பட்டங்களை ஒரே நேரத்தில் விடுகிறவள் மாதிரி. ஒரு நாய்க்குக் கோட்டு. இன்னொன்றுக்கு எது முன்பக்கம் என்று பிஸ்கட் நீட்டித்தான் கண்டுபிடிக்கவேண்டும். ஒன்றாவது குரைக்கவேண்டுமே! அரசாங்க விருந்துக்கு வந்த தூதுவர்கள்.

இந்தக் கூட்டத்தில் என் திவானா? வேறு வழி?

மார்ச் 8, சனி

துரோகம்.

அக்கா மகளுக்கு விடுமுறை. அவள் கயிற்றைப் பிடித்திருந்தாள், நான் பின்னால். செயலாளர் வந்தார். திவான் வாலாட்டினான். செயலாளரிடம்! அவர் குனிந்து இவன் காதைச் சொறிந்தார். இவன் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினான். மானங்கெட்டவன்.

அவள் கயிற்றை என்னிடம் கொடுத்தாள். தபால் பெட்டியைத் திறந்துவிட்டு அதே செயலாளர் திரும்பி வந்தார். போர்.

“மாமா, உங்க கையப் பாருங்க.”

பார்த்தேன். கயிறு முஷ்டியில் சுற்றிச் சுற்றி, விரல்கள் வெளுத்திருந்தன. அவரைப் பார்த்ததும் நான்தான் இழுத்துப் பிடித்திருக்கிறேன். எப்போதிலிருந்து? ஆக, ரசனையும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை. கயிறு வழியாக நான் மணி அடித்தேன், அவன் குரைத்தான்.

“நாய் சிநேகமாத்தான் இருக்கு,” என்றாள். மிச்சத்தையும் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்.

மார்ச் 9, ஞாயிறு

செயலாளரின் முகத்தை மனதில் நிறுத்தி, விரல்களைத் தளர்த்திப் பயிற்சி. முனிவர்கள் செய்த தவமெல்லாம் இதற்கு முன்னால் சும்மா.

மார்ச் 10, திங்கள்

கீழ்க்கூடத்தில் செயலாளர், வாத்தியார், தூதுவர்கள், அந்தப் பெண். விரல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கெஞ்சித் திறந்தேன். கயிறு தொய்ந்து தரையைத் தொட்டது. திவான் கொட்டாவி விட்டான்.

தேறிவிட்டான். திரும்பிப் பார்க்காமல் போனான், நன்றிகெட்ட பயல்.

மார்ச் 26, புதன்

ஊர்வலம் திரும்பும்வரை தினமும் கீழ்க்கூடத்துப் பெஞ்சில் காத்திருக்கிறேன். முழங்காலுக்காக. வேறு காரணம் இல்லை.

திவான் வந்ததும் கயிறு என் கைக்கு வந்தது. உடனே செயலாளரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். புதுத் தொட்டி மூடியின் வரலாற்றை ஆதிகாலத்திலிருந்து தொடங்கினார். இவ்வளவு அலுப்பான மனிதரை இந்தப் பூமி இனி ஒருமுறை தாங்காது. கேட்டுக்கொண்டிருந்தேன். மூடி எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட ஏனோ கேட்டுவைத்தேன். திவான் என் செருப்பின் மேல் தலைவைத்துத் தூங்கிப்போனான்.

யாரும் குரைக்கவில்லை.