பிள்ளை, கால் குளிருது

கொட்டாஞ்சேனை
12.02.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

என் அழைப்பை நீங்கள் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். இருமும்போது நெஞ்சுத் தையல் விரியாமல் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். சிரிக்கும்போதும்தான், ஆனால் அந்த ஆபத்து உங்களுக்கு இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் சத்திரசிகிச்சையில், இதயத்துக்குப் பதிலாக இரத்தத்தைச் சுற்றவிடும் இயந்திரத்தை இயக்கியது நான்தான். அன்று கடமைக்கு வேறு ஆள் இல்லை. என் அப்பா என்று பெரிய டொக்டரிடம் சொன்னேன். கை நடுங்குமா என்று கேட்டார். நடுங்காது என்றேன்.

முகமூடியோடும் தொப்பியோடும் நின்ற என்னை உங்களுக்குத் தெரியவில்லை. "பிள்ளை, கால் குளிருது" என்றீர்கள். போர்வை போர்த்தும் சாட்டில் உங்கள் பாதங்களைத் தொட்டுக் கும்பிட்டேன். கிளெமென்ற்றைக் கட்டிய அன்று அதற்கு நீங்கள் இடம் தரவில்லை.

அன்பு மகள்,
யதுஷா

வெள்ளவத்தை
17.02.2025

திருமதி யதுஷா கிளெமென்ற் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ சேர்ச்சில் வைத்து வேதக்காரப் பெடியனைக் கட்டிய அன்று, தண்டவாளத்தைத் தாண்டிப் போய்க் கடலில் தலைமுழுகி, இனி எனக்கு மகள் இல்லை என்று வந்தவன் நான். அது உனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என் இதயத்தை நிறுத்தி வைத்துத் தைத்ததாக வார்டில் சொன்னார்கள். உண்மையா? நின்றதைத் திரும்ப யார் ஓட வைத்தது? பதில் போடவும்.

இ. நவரத்தினம்

கொட்டாஞ்சேனை
19.02.2025

அப்பா,

உண்மைதான். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றது. படங்களில் கீறுவதுபோல் சிவப்பாக இல்லை. பொத்திய கை அளவில், மஞ்சள் கொழுப்புப் படிந்து, ஈரமாகக் கிடந்தது. எத்தனையோ பேருடையதைப் பார்த்திருக்கிறேன். அன்று மட்டும் மூச்சுவிட மறந்துபோனேன். அம்மா மேல் உள்ள பாசமும் என் மேல் உள்ள கோபமும் இவ்வளவு சின்ன இடத்திலா இருந்தன என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

தையல் முடிந்து இரத்தத்தை உள்ளே விட்டார்கள். முதலில் லேசாக நடுங்கியது. பிறகு ஒரு துடிப்பு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. யாரும் ஓட வைக்கவில்லை அப்பா, அதுவாகவே தொடங்கியது. அவ்வளவு வெட்டையும் தையலையும் தாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்தே தொடங்கியது. நான் இயந்திரத்தை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினேன். என் முகமூடி நனைந்துவிட்டது.

யதுஷா

வெள்ளவத்தை
24.02.2025

யதுஷாவுக்கு,

கண்ணாடி சரியில்லை என்று சாட்டுச் சொல்லி, உன் கடிதத்தை அம்மாவைக் கொண்டு வாசிப்பித்தேன். பிறகு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். இவ்வளவு காலமும் என்னுடையது என்று நினைத்தது, என்னைக் கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கிறது. கடலில் தலைமுழுகிய அன்றும் ஓடியிருக்கிறது. அதிசயம்தான். அதற்கு முன்னால் என் வீம்பு எம்மாத்திரம்?

மாடிப்படி ஏறி இறங்கக் கூடாதாம். என்னால் அங்கே வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை சேர்ச் பூசை முடிய கிளெமென்ற்றையும் கூட்டிக்கொண்டு வா. அம்மா மரக்கறிதான் சமைப்பாள், அவரிடம் சொல்லி வை. இரண்டு பேரும் சேர்ந்து காலில் விழ வேண்டும். கல்யாணத்தன்று விட்டுப்போனது அது.

சத்திரசிகிச்சை அன்றைக்கு ஆள் யாரென்று தெரியாமல் கூப்பிட்டேன். இன்றைக்குத் தெரிந்துதான் கூப்பிடுகிறேன். வா, பிள்ளை.

அப்பா