வாசல்ல கிடக்கிற செருப்பு

டோஹா

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். சுகமா இருக்கிறீங்களா? பிரஷர் குளிசையை ஒழுங்காப் போடுறீங்களா? நான் நல்ல சுகம்.

போன்ல கதைச்சா நீங்க அழுவீங்க, நானும் சொல்லாம வெச்சிருவன். அதான் என்னோட வேலை செய்யிற, ஊருக்கு வாற ஆகிலாட கையில இதைக் குடுத்து விடுறன்.

போன கிழமை தையல் மெஷின் ஊசி விரல்ல ஏறிட்டு. பயப்படாதீங்க, காயம் ஆறிட்டு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது எங்கட கடை வேன் ஓட்டுற நௌபீர். இறக்காமத்து ஆள், பொஞ்சாதி மௌத்தாகி நாலு வருஷம். திரும்பி வரக்குள்ள, "கலியாணம் முடிச்சு உங்கட ஊட்டுக்கு வரட்டுமா?" எண்டு மெதுவாக் கேட்டார். அண்டையிலிருந்து நான் தைச்சதையே பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறன்.

உம்மா, ஊட்டுல ஆம்பிளை இருக்கிறதா ஆக்கள் நினைக்கட்டும் எண்டு, எனக்குத் தலாக் சொல்லிட்டுப் போனவர்ட செருப்பை நீங்க இன்னும் வாசல்ல வெச்சிருக்கிறீங்க. அதை எறிஞ்சிட்டு அந்த இடத்தைக் கழுவி விடுங்க. அது அங்க கிடக்கிறதை நினைச்சா எனக்கு வாய் வருதில்ல.

ஆகிலா பேக்கைப் பூட்டிட்டு நிக்கிறா. எறிஞ்ச உடனே ஒரு மிஸ்கோல் தாங்க. நான் அவருக்கு ஓம் சொல்லணும்.

உங்கட மகள்
றிஸ்மியா